பிறக்கிராசி ரீச்சர் உடைத்த கார்க் கண்ணாடி

தன்னைக் கைது செய்யச் சொல்லிப் பொலிஸ்காரரைத் துரத்திக்கொண்டு போன ஒரே பெண்மணி, இந்த இலங்கைத் தீவிலேயே எங்கள் பிறக்கிராசி ரீச்சராகத்தான் இருக்க வேண்டும்.

பிறக்கிராசி என்றால் பழைய ஆட்களின் பேச்சில் வழக்கறிஞர். ரீச்சர் வழக்கறிஞர் அல்ல. ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. வவுனியாவில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சட்டத்தில் பிடிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு சீனி வியாதி வருவதைப் போல.

கடைத்தெருவில் என் போன் திருத்தும் கடைக்கு நேர் எதிரே, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் புடைவைக் கடை. இங்கே நின்று தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் ரீச்சர் என் கடையிலிருந்து அங்கே போவதென்றால், வெயிலில் தெருமுனை வரை நடந்து, மஞ்சள் கோட்டுக் கடவையில் வீதியைக் கடந்து, மறுபக்கத்தால் திரும்பி வருவார்.

"ரீச்சர், ஒரு வாகனமும் வரேல்லையே, நேர கடவுங்கோவன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"வாகனம் வரேல்லைத்தான் தம்பி. சட்டம் நிக்குதே" என்றார்.

நெளுக்குளத்தில் அவருடைய வீட்டு வேம்பின் கிளை அயல் வீட்டு மதிலைத் தாண்டிவிட்டது. அயலவர் வாய் திறக்கவில்லை. ரீச்சரே பிரதேச சபைக்குப் போய்த் தன்மீது முறைப்பாடு கொடுத்தார். பார்க்க வந்த அலுவலரிடம் அயலவர், "ஐயா, என்ர மனுசி அந்த நிழலிலதான் மிளகாய் ஆயிறவ. தயவுசெய்து வெட்டாதேங்கோ" என்று கெஞ்சினார். அலுவலர் வேம்பைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், என் கடையில் போனைக் கொடுத்துவிட்டு நின்றவர், திடீரென்று வீதிக்கு நேர் குறுக்கே நடந்தார். ஒரு ஓட்டோ கிறீச்சென்று நின்றது. நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

நானாவின் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார். கண்ணாடிகள் முழுக்க ஏற்றியபடி. உள்ளே முன் இருக்கையில் ஒரு சடை நாய்க்குட்டி, நாக்கு முழுவதும் வெளியே தொங்க, அடிவயிறு துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கார்க் கதவில் கை வைத்தேன். தோசைக்கல்.

"ஆற்ற கார்?" என்று நான் கடை கடையாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ரீச்சர் என் போனை வாங்கிப் பொலிசுக்கு அழைத்தார். மறுமுனையில், "நாய் ஆரையும் கடிச்சதோ?" என்று கேட்டார்கள்.

"இல்லை."

"அப்ப என்னம்மா முறைப்பாடு?"

ரீச்சர் போனை வைத்தார். நாய்க்குட்டி இப்போது படுத்துவிட்டது. கண்ணாடியைத் தட்டினேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வெள்ளைக்காரன் போட்ட மிருகவதைச் சட்டம் ஒண்டு கிடக்கு தம்பி" என்றார் ரீச்சர். "கண்ணாடியை உடைக்கலாம் எண்டு அதில ஒரு வரியும் இல்லை."

அவர் கையில் பனையோலையில் பின்னிய உமல் பை இருந்தது. பைக்குள் அன்று சந்தையில் வாங்கிய அம்மிக் குழவி. அதை எடுத்தார். சுற்றி நின்று போனில் படம் எடுத்தவர்களைப் பார்த்து, வகுப்பறைக் குரலில் அறிவித்தார்:

"நான் இந்தக் கண்ணாடியை உடைக்கப்போறன். அதுக்கு எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. நீங்கள் எல்லாரும் சாட்சி."

நாய்க்குட்டிக்குத் தூரமான பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். குழவி துள்ளித் திரும்பியது. அடுத்த அடியில் கண்ணாடி கற்கண்டுபோல் கொட்டியது. நான் கையை விட்டுக் கதவைத் திறந்தேன். நானா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். காலை நனைத்தோம், வயிற்றை நனைத்தோம். கொஞ்ச நேரத்தில் குட்டி தலையைத் தூக்கி இரண்டு மிடறு குடித்து, குடித்ததை ரீச்சரின் சேலையில் சத்தி எடுத்தது.

"நல்லது" என்றார் ரீச்சர்.

அப்போதுதான் நானாவின் கடை மேல்மாடியிலிருந்து, ஏசிக் குளிரில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். கனடாவிலிருந்து லீவில் வந்தவர்.

"ஆர் உடைச்சது?"

"நான்."

"உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"ஒரு உரிமையும் இல்லை. அதைத்தான் நானும் இவ்வளவு நேரமாச் சொல்லிக்கொண்டு நிக்கிறன். நீர் கனடாவில நாயை இப்பிடிப் பூட்டிவிட்டுப் போவீரோ?"

அவர் சிறிது யோசித்தார். "இல்லை. அங்க உடன பொலிஸ் வந்திடும்."

"அப்ப இஞ்ச?"

அவர் குனிந்து நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பொலிஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரும் ரீச்சரின் பழைய மாணவர்.

"என்னைக் கைது செய்யும்" என்றார் ரீச்சர்.

"ரீச்சர், வெயிலுக்க நிக்காமல் வீட்ட போங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை முறுக்கினார். ரீச்சர் ஓட்டோ பிடித்துத் துரத்தினார். நானும் கனடாக்காரரும் நாய்க்குட்டியும் பின்னால் போனோம்.

ஸ்டேசனில் ரீச்சர் இரண்டு முறைப்பாடு வைத்தார். ஒன்று கார்க்காரர் மேல், மற்றது தன் மேல்.

"ரெண்டையும் எழுதினா நாயையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டி வரும் ரீச்சர்" என்றார் பொலிஸ்காரர்.

கனடாக்காரர் நாய்க்குட்டியை மடியில் வைத்தபடி இருந்தார். "எனக்கு முறைப்பாடு ஒண்டும் இல்லை ஐயா. அம்மா தனிய இருக்கிறா. நான் போனாப் பிறகு அவாவுக்குத் துணையா இருக்கட்டும் எண்டு கொழும்பில வாங்கினனான். ஒரு சேலையும் எடுப்பம் எண்டு அஞ்சு நிமிசம் இறங்கினனான். இது செத்திருந்தா நான் அவாட்ட என்னத்தைக் கொண்டு போறது?" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

இதற்கு எந்தச் சட்டத்திலும் ஏற்பாடு இல்லை. ரீச்சர் கொஞ்ச நேரம் முழித்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினார்.

அடுத்த வாரமே வேலையைத் தொடங்கினார். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் நாயை விடுவது குற்றம், அதைக் காப்பாற்றக் கண்ணாடி உடைப்பவருக்குப் பாதுகாப்பு: இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மனு எழுதி, கடைத்தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினார். முதலில் கையெழுத்திட்டவர் கனடாக்காரரின் அம்மா. மனு கவனத்தில் எடுக்கப்பட்டதாகப் பதில் வந்தது. இன்னும் கவனத்திலேயே இருக்கிறது.

இப்போது ரீச்சர் மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார். வெயில் ஏறுகிற நாட்களில் எனக்குப் போன் எடுப்பார்.

"தம்பி, வவுனியாவில வெயில் எப்பிடி?"

"கொளுத்துது ரீச்சர்."

"அப்ப ஒருக்கா வாகனங்களைப் பாத்துக்கொண்டு வாரும்."

"ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, கடையில் நிற்கிற ஆட்களை இருக்கச் சொல்லி, நான் வெயிலில் இறங்குகிறேன்.