திட்டுகிற கம்ப்யூட்டரும் எரர் அண்ணாச்சியும்

எரர் அண்ணாச்சியால் நான் வெட்கப்பட்ட அளவுக்கு, எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் எந்த ஆணாலும் வெட்கப்பட்டிருக்க மாட்டாள். தப்பாக நினைக்காதீர்கள். அவர் என்னிடம் அதிகம் பேசினதுகூட இல்லை. என் கம்ப்யூட்டரைப் பேச வைத்தார், அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஷிப்பிங் ஏஜென்சி இருந்தது. ஏற்றுமதிக்காரர்களின் கண்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்து கப்பலேற்றி விடுவது வேலை. நான் டைப் அடிக்கச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதில் ஓடிய புரோகிராம் முழுவதையும் எழுதியவர் எரர் அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் மனைவியே போன் போட்டு, "எரர் இருக்காகளா?" என்றுதான் கேட்பார்.

அவருக்குக் கோயில், சினிமா, கட்சி எதிலும் நாட்டம் கிடையாது. பழைய கம்ப்யூட்டர்களுக்குள்ளே யாரோ ஒளித்து வைத்துவிட்டுப் போன தமாஷ்களைத் தேடுவதுதான் அவருடைய பக்தி. கீபோர்டைக் கழற்றிவிட்டு மெஷினைப் போட்டால், 'கீபோர்டைக் காணவில்லை, தொடர எஃப் ஒன் கீயை அழுத்தவும்' என்று வரும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் கழற்றிக் காட்டிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

"இல்லாத கீபோர்டுல எங்கன போயி அழுத்த? இதை எழுதுனவன் மட்டும் என் கையில கெடைச்சாம்னா, ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக் குடுப்பேன்!"

பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். "அப்ப கீபோர்டு ரிப்பேரா அண்ணாச்சி?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

அவர் எழுதிய புரோகிராமும் அதே ஜாதி. தப்பாக ஏதாவது அடித்தால் திட்டும். ஆண்களின் மெஷினில் 'ஏலே', என் மெஷினில் 'ஏளா'. அந்த மெஷினில் தமிழ் எழுத்து வராது என்பதால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தார். அதை வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கும். ஆக, என்னைத் திட்டுவதை நானே ஆபீஸுக்குக் கேட்கிற மாதிரி படித்தாக வேண்டும். "ஏளா, இருபது டன் சாமானுக்கு இருநூறு டன்னு போட்டிருக்கியே, கப்பல் முங்கிராதா?" என்று நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருக்கும் ஏற்றுமதிக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குக் காது மடல் கொதிக்கும். நான் பக்கத்து நாசரேத் ஊரில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். வீட்டில் 'ஏளா' என்று கூப்பிட்டால்கூட அம்மா முகம் சுளிப்பாள்.

ஒருநாள் முதலாளி, வந்த விருந்தாளிகளுக்குக் கம்ப்யூட்டர் பெருமையைக் காட்ட என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தேதியைத் தப்பாகப் போட்டார். திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தார்: "ஏளா, கப்பல் நேத்தே போயிட்டு. நீந்திப் போவப் போறியா?"

விருந்தாளிகள் மேற்கூரையைப் பார்த்தார்கள். முதலாளி மெதுவாக எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்பட்டேன்.

அப்போதும் அவர் அண்ணாச்சியை விட்டுவைத்தார். பிரிண்டர் விஷயத்தில்தான் விடவில்லை.

முந்தைய காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில், பிரிண்டருக்கு என்ன கோளாறு என்று தெரியாவிட்டால் 'பிரிண்டர் தீப்பிடித்திருக்கிறது' என்று செய்தி வருமாம். எங்கேயோ அதைப் படித்துவிட்டு, அண்ணாச்சி இரண்டு நாள் சோறு இறங்காமல் சிரித்தார். மூன்றாம் நாள் அது எங்கள் புரோகிராமுக்குள் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

இறால் ஏற்றுமதிக்காரர் ஒருவர், எங்களுக்கு ரொம்பப் பெரிய பார்ட்டி, பேப்பருக்காகக் காத்திருந்தார். பிரிண்டர் நின்றுபோனது. நான் பழக்க தோஷத்தில் திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தேன்: "பிரிண்டர் தீப்பிடிச்சிட்டு!"

வாசலில் புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன். கடமை தவறாதவர். சிவப்பு வாளியோடு ஓடி வந்து, ஒரு வாளி மணலையும் பிரிண்டர் தலையில் கொட்டிவிட்டு, "அணைஞ்சிட்டும்மா, பயப்படாதீக" என்றார்.

இறால்காரர் மடியில் விழுந்த மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இது ஆபீஸா, சர்க்கஸா?"

முதலாளி அண்ணாச்சியை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். "இந்த வயசுல வெளையாட்டு கேக்குதோ வே? ஊரே சிரிக்கு!"

அண்ணாச்சி தலையைக் குனிந்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சிரிக்கவன் திரையில வந்ததைப் படிச்சிருக்காம்லா, மொதலாளி."

"எல்லாத்தையும் தூக்கும். தப்புக்கு ஒரு நம்பர் போட்டாப் போதும்" என்றார் முதலாளி.

அன்று மத்தியானம் முழுக்க, பழைய டூத்பிரஷ்ஷை வைத்து பிரிண்டரிலிருந்து மணலைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஜிப்பா முதுகு வேர்த்து ஒட்டியிருந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாளிலிருந்து 'எரர் 9', 'எரர் 14'. திட்டு இல்லை, ஏளா இல்லை. ஆனால் ஒன்பது என்றால் என்ன, பதினாலு என்றால் என்ன, யாருக்கும் தெரியாது. நான் எழுந்துபோய்க் கேட்டால், நிமிராமலே, "எடையை விட்டுட்டியம்மா" என்பார். அந்த 'அம்மா' எனக்குக் குத்தியது. மற்றவர்கள் கேட்கவுமில்லை, எந்த நம்பர் வந்தாலும் என்டரைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நான் லீவு போட்ட ஒருநாள், அதே இறால்காரரின் கண்டெய்னருக்கு முதலாளியே உட்கார்ந்து பேப்பர் போட்டிருக்கிறார். உறைந்த இறால். மைனஸ் பதினெட்டு டிகிரியில் போக வேண்டும். முதலாளி மைனஸை விட்டுவிட்டார். திரையில் 'எரர் 22' வந்திருக்கிறது. என்டரைத் தட்டினார்.

மறுநாள் காலை இறால்காரரிடமிருந்து முதலாளிக்குப் போன். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எங்களுக்கெல்லாம் கேட்டது. "கண்டெய்னர் யார்டுல எம் பையன் பாத்ததால தப்பிச்சேன்! பதினெட்டு டிகிரின்னு எழுதிக் குடுத்திருக்கீரே, எம் றாலை அவிச்சா அனுப்பப் போறீரு?"

குளிரூட்டும் கண்டெய்னர் அப்போதுதான் கரண்ட் பிளக்கில் மாட்டப்பட்டிருந்தது. திருத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தப் பார்ட்டியும் இல்லை, எங்கள் ஆபீஸும் இல்லை.

முதலாளி போனை வைத்தார். பிறகு எழுந்து, எல்லோரும் பார்க்க, அண்ணாச்சியின் மேஜைக்கு நடந்தார். அந்த மனிதர் யார் மேஜைக்கும் நடந்து நான் பார்த்ததில்லை.

"இருவத்திரெண்டுக்கு முன்னால என்னவே எழுதியிருந்தீரு?"

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "றாலு ஐஸ்ல போவுதா, கருவாடாக் காயப் போவுதா, மைனஸ் எங்கேலேன்னு…"

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் முகம் செத்துப்போயிருந்தது.

"அதையே போடும். என்னையும் 'ஏலே'ன்னே போடும்" என்றார். திரும்பி நடக்கையில், "அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் உம்மை ஏசினேன். எனக்குத்தான் வெக்கமா இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணாச்சி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பக்கத்தில் குடையோடு ஒரு கிழவர். அண்ணாச்சி! நான் போனில் ஏதோ புக் பண்ண முயன்று, 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று வந்ததைக் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தவருக்கு அப்படி ஒரு கோபம்.

"ஏதோவா? எழுதுனவனுக்கே என்னன்னு தெரியலையாக்கும்! ஏளா, இதைச் சொல்ல வெக்கமா இல்லையா இவனுகளுக்கு?"

பஸ் வந்தது. அவர் இன்னும் திட்டி முடித்திருக்கவில்லை. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.