மூன்று மணிப் பூட்டுக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

ஒரு விதி உடையும்போது சிலருக்குக் கோபம் வரும். சிலருக்குப் பயம் வரும். மூன்றாவதாக ஒரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் வரும்.

நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். அக்கரப்பத்தனை பஸ், நிறுத்தத்தில் நிற்காமல் இருநூறு அடி தள்ளிப்போய் நின்றால், டிரைவரை ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்து ஆளின் தோளைத் தொட்டு, "இது வயலேஷன்" என்று ரகசியம்போலச் சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் பின்னோக்கி நடப்பவர் அவர்தான். நனைவார். ஆனால் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். நடந்தது இன்னதென்று தெரிந்துவிட்டதே, வேறு என்ன வேண்டும்?

சிவசாமி இந்த வகையில் முதல் தரம். வயது ஐம்பத்தெட்டு. பத்து வருடமாக ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். கக்கத்தில் பொலித்தீன் சுற்றிய ஃபைல் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. பக்கத்து லயத்து ஆடு உங்கள் போஞ்சிக்கொடியைத் தின்றால் அது ட்ரெஸ்பாஸ். பெண் தருவதாகச் சொல்லிவிட்டு மாறினால் பிரீச். பொதுக் குழாயில் யாராவது தனிக் குழாய் இழுத்தால் கான்ட்ராவென்ஷன். ஆடு தின்றதை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது அடுத்த கட்டம். அடுத்த கட்டத்துக்கு அவர் இதுவரை போனதில்லை.

அவருடைய வீட்டுச் சமையல் குசினி, லயத்து வரிசை வீடுகளின் பொதுக் கழிவுநீர்க் கானின் மேல் மூன்றடி நீண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் கான் அடைத்துத் தண்ணீர் நாலு வீட்டு வாசலில் ஏறும். அது மட்டும் வயலேஷன் இல்லை. அது டெம்பரரி அரேஞ்ச்மென்ட். பதினோரு வருடமாக.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரு பொன்னாள் வந்தது. தோட்டத்து ஆபிஸ் சுவரில் ஒரு நோட்டீஸ். இன்று முதல் பிள்ளைக்காம்பரா பிற்பகல் மூன்று மணிக்கு மூடப்படும்; ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளைக்குள், கடைசி நாள் நாலு மணிக்கு முன், எழுத்தில் தர வேண்டும்; தராவிட்டால் இதுவே நிரந்தரம்.

பிள்ளைக்காம்பராவில்தான் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போவார்கள். கொழுந்து நிறுப்பதோ நாலரைக்கு. நிறுவை முடியும்வரை பிள்ளைக்காம்பரா திறந்திருக்கும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் நிர்வாகம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் சிவசாமியின் ஃபைலில் இருந்தது. அவருடைய கையெழுத்தும் அதில் இருந்தது, சற்றுப் பெரிதாக.

அன்று மாலை லோஜினி வந்தாள். அதே லயத்தில் கடைசி வீடு. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மூன்று மணிக்கு மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். மாதம் முழுவதும் அரைப்பேர் என்றால் வேலையை விட்டு நிற்பதுதான் மிச்சம். அவளைப் போல இன்னும் பத்துப் பேர்.

சிவசாமி எல்லாவற்றையும் கேட்டார். கவலைப்பட வேண்டிய இடத்தில் உள்ளே என்னவோ இனித்தது; கையும் களவுமாக ஒரு மீறல் இப்படி வாசலுக்கே வந்து நிற்பது தினம் நடக்கிற காரியமா? ஃபைலைத் திறந்தார். மூடினார்.

"இது வயலேஷன் புள்ள" என்றார். "நான் பாத்துக்கிறேன். துரைக்கு இங்கிலீஷ்ல ஒரு காயிதம் போட்டா முடிஞ்சது."

அவள் நிம்மதியாகப் போனாள். பதினொரு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். அதுவரைக்கும் தினம் இரண்டு பேர் முறை வைத்து மூன்று மணிக்கு இறங்கி, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு.

தோட்ட மேனேஜரான துரைக்குப் போகும் காயிதத்தை டவுனில் இஸ்ஸதீனின் கொமியூனிகேஷன் கடையில் அடிக்க வேண்டும். இஸ்ஸதீன் வேகமாக அடிப்பார். முதல் நாளே வயலேஷன் என்று எழுதி, அச்செடுத்து, உறையிலும் போட்டுக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் சிவசாமிக்குச் சந்தேகம் தட்டியது. வயலேஷன் என்பது சட்டத்தை மீறினால் அல்லவா? இது ஒப்பந்தம். ஆக, மறுநாள் பிரீச். ஐந்தாம் நாள், பிள்ளைக்காம்பராவை முழுதாகவா மூடினார்கள், ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றியது, பார்ஷியல் பிரீச். ஏழாம் நாள், தாய்மாரின் உரிமை என்று பார்த்தால் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். ஒன்பதாம் நாள் நான்-கம்ப்ளையன்ஸ். அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார். பத்தாம் நாள் காலையில் அந்தச் சொல்லில் ஒரு மரியாதைக் குறைவு தெரிந்தது. மறுபடியும் பஸ் ஏறினார், மறுபடியும் பிரீச்.

இஸ்ஸதீன் பொறுமைசாலி. அவரே ஒரு நாள் விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்தார்.

"எதப் போட்டாலும் ஒன்டுதானே தலைவர்?"

"கொழுந்தும் முத்தலிலையும் ஒண்ணா முதலாளி?" என்றார் சிவசாமி.

பதின்மூன்றாம் நாள் லோஜினி வழியில் மறித்துக் காயிதம் எங்கே என்று கேட்டாள். அவர் பெருமையோடு எடுத்து நீட்டினார். எட்டு வரி. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். மெதுவாக, விரல் வைத்துக் கடைசிவரை போனாள்.

"இதுல பிள்ளைங்க எங்க வருது தலைவரே?"

சிவசாமி வாங்கிப் பார்த்தார். வரவில்லை.

"அது அண்டர்ஸ்டுட்" என்றார்.

அவள் காயிதத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு இல்லை, பிரீச்சுக்கு முன்னால் ஒரு கனமான சொல் சேர்ப்பதற்காகப் பதினான்காம் நாளும் டவுனுக்குப் போனார். கிரேவ் பிரீச்சா, சீரியஸ் பிரீச்சா? இரண்டையும் இஸ்ஸதீன் பெரிய எழுத்தில் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முடிவெடுத்து முடிப்பதற்குள் ஒரு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மூன்றரைக்கு.

தோட்டத்துப் பாலத்தடியில் இறங்கும்போது நாலு இருபது. ஆபிஸ் ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்தார். எதிரே பதினொரு பெண்கள் பிள்ளைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். மூன்று மணிக்குப் பதினொரு பேரும் கூடையை மலையிலேயே வைத்துவிட்டு இறங்கி, பிள்ளைகளை வாங்கி, நேரே ஆபிசுக்கு நடந்திருக்கிறார்கள். லோஜினி பள்ளிக் கொப்பித் தாளில் தமிழில் மூன்று வரி எழுதி, ஒரு நகலும் எடுத்து வைத்திருந்தாள். துரைக்குத் தமிழில் காயிதம் கொடுக்கிற வழக்கமில்லை என்று கிளாக்கர் வாங்க மறுத்திருக்கிறார். அது உண்மை, வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இல்லை. அதற்குள் ஒரு பிள்ளை ஆபிஸ் மணியைப் பிடித்து ஆட்ட, இன்னொன்று கிளாக்கரின் மேசைக்கடியில் போக, சத்தம் கேட்டுத் துரையே வெளியே வந்துவிட்டார். பெயர் பிரதாப்; முப்பத்தைந்து வயது; தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று தமிழில் வேலை சொல்கிறவர். அவருக்குத் தமிழ் வாசிக்கவும் வரும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் தாளை வாங்கி வாசித்தார். ஆபிஸ் முற்றத்தில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்தார். கிளாக்கரைக் கூப்பிட்டு நோட்டீசைக் கிழிக்கச் சொன்னார்.

"நிறுவை நாலரைக்குன்னு துரைக்குத் தெரியுமாம். மூணுக்குப் பூட்டுறதும் தெரியுமாம்" என்றாள் லோஜினி. "ரெண்டையும் சேத்து யாருமே சொல்லலயாம்."

சிவசாமி அவளுடைய நகலை வாங்கிப் பார்த்தார். மூணு மணிக்குப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டுகிறீர்கள். நாலரைக்குத்தான் கொழுந்து நிறுக்கிறீர்கள். நடுவில் பிள்ளைகள் எங்கே இருப்பது?

அவ்வளவுதான். ஒரு சட்டமில்லை, ஒரு பிரிவில்லை. தனது உறையை அவர் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிள்ளைக்காம்பரா திறந்துவிட்டது, சந்தோஷம்தான். ஆனால் அது மூடியிருந்ததற்கு என்ன பெயர் என்று யாருக்குமே தெரியாமல் திறந்துவிட்டதே.

லோஜினி உறையைப் பார்த்துவிட்டாள்.

"கெடு நாலு மணி தலைவரே. இப்ப நாலு இருபது தாண்டியாச்சு. இதுக்கு என்னா பேரு?"

சொற்கள் எல்லாம் அவர் நாக்குக்கு வரிசையாக வந்தன. பிரீச் வந்தது. டிஃபோல்ட் வந்தது. நான்-கம்ப்ளையன்ஸ் வந்து சற்று நேரம் நின்றது. ஒவ்வொன்றையும் பார்த்து, அவர் திருப்பி அனுப்பினார்.

"இது... ஒரு சின்ன டிலே" என்றார்.

பதினொரு பேரும் சிரித்தார்கள். இடுப்பில் இருந்த குழந்தையும், விஷயம் தெரியாமல், சேர்ந்துகொண்டது. அடுத்த மழைக்குள் அந்தக் குசினியையும் பற்றி மூன்று வரி எழுதப்போவதாக லோஜினி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள், தமிழில்தான் எழுதுவாளாம்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தப் புத்தகத்தை ஒரு நண்பரிடமிருந்து, நாளைக்கே தந்துவிடுகிறேன் என்று சொல்லித்தானே வாங்கி வந்தீர்கள்? இன்னும் தரவில்லையே, அதற்கு என்ன பெயர்? இல்லை, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட பெயர் வேண்டாம். அந்த நண்பர் வைத்திருக்கும் பெயர்.

அவசரமில்லை. யோசித்து எழுதுங்கள். பதினான்கு நாள் இருக்கிறது.