இருபது மெகாபைட் சம்மதம்

"பிள்ளை, மாப்பிள்ளை பல்லு டொக்டர். விம்பிள்டனிலை சொந்த வீடு. நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால்..."

"அப்பா, நான் என்ன சொல்லுறன் எண்டால்..."

அத்தோடு லைன் அறுந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா போன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'காம்பியாவுக்குத் தொண்ணூறு நிமிடம்' என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கதைக்க முடிந்தது பதினொரு நிமிடம். அதில் எட்டு நிமிடம் மனைவி தவமலரின் பங்கு. அங்கே வெயிலா என்று மகளிடம் அவள் விசாரித்திருந்தாள். ஆபிரிக்காவில் வெயிலா என்று!

"என்னவாம்?" என்றாள் தவமலர்.

"'என்ன சொல்லுறன் எண்டால்' எண்டவள். அவ்வளவுதான்."

"அப்ப ஓம் எண்டுதான் சொல்ல வந்திருப்பாள்."

"வேண்டாம் எண்டு சொல்ல வந்திருந்தால்?"

"வேண்டாம் எண்டால் முதல் சொல்லாய் அதைத்தான் சொல்லியிருப்பாள். உங்கட பிள்ளையெல்லே."

அவர்களின் ஒரே மகள் தர்மிகா பிசியோதெரபிஸ்ட். லண்டனில் முதுகு வலிக்காரருக்குப் பஞ்சமில்லாதபோதும், 2009 ஜனவரியில் ஒரு வருடத் தொண்டு வேலைக்கென்று காம்பியாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். எப்படிப்பட்ட நாடு என்று பார்க்க ஸ்ரீஸ்கந்தராஜா உலகப்படம் ஒன்று வாங்கினார். நாடு அவ்வளவு ஒடுக்கம். பெயரை நாட்டுக்குள் எழுத இடமில்லாமல் கடலுக்குள் எழுதியிருந்தார்கள். இவ்வளவு சின்ன நாட்டுக்குப் போன் எடுக்க இவ்வளவு காசா என்பது அன்று முதல் அவருடைய மனக்குறை. நாட்டின் அகலத்துக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

கார்டு சரிவராததால் அடுத்த யோசனை பிறந்தது.

"பிள்ளை, உன்ர லண்டன் சிம்மைப் போடு. லண்டன் சிம் எண்டால் லண்டன் விலைதானே?" என்று மகளுக்கு மெசேஜ் அனுப்பினார்.

அன்று நாற்பது நிமிடம் கதைத்தார்கள். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் அந்த நாற்பது நிமிடமும், இப்படிக் கதைப்பதற்குக் காசு எடுப்பார்களா மாட்டார்களா என்றே அப்பாவும் மகளும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எடுப்பார்கள் என்பது மகளின் கட்சி. மாதக் கடைசியில் பில் வந்து அவள் கட்சியை வெல்லவைத்தது. ஸ்ரீஸ்கந்தராஜா பில்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே இருந்துவிட்டார். கலியாணப் பேச்சை இந்த முறையும் எடுக்கவில்லை.

இதற்கிடையில் விம்பிள்டன் வேதவல்லி, மாப்பிள்ளையின் தாய், அவசரப்படுத்தினாள்.

"ரெண்டு மாசமாய் 'பிள்ளையோடை கதைக்கிறம்' எண்டு சொல்லுறியள். பிள்ளைக்கு வாய் பேச வருமே?"

"ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வாங்கோ அக்கா. ஸ்கைப்பிலை நேரிலையே பாக்கலாம்," என்று ஸ்ரீஸ்கந்தராஜா வாக்குக் கொடுத்துவிட்டார்.

தர்மிகாவிடம் இன்டர்நெட்டுக்கென்று கொம்பியூட்டரில் செருகும் டொங்கிள் ஒன்று இருந்தது. "இஞ்ச இன்டர்நெட்டை மெகாபைட் கணக்கிலைதான் விக்கிறாங்கள் அப்பா. நெருப்பு விலை," என்று எழுதியிருந்தாள்.

'மெகா எண்டால் பெரிசு. இருபது வாங்கு, தாராளமாய்க் காணும்' என்று பதில் போட்டார், வாழ்க்கையில் ஒரு மெகாபைட்டைக்கூடக் கண்ணால் கண்டிராத ஸ்ரீஸ்கந்தராஜா.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிறு காலை, பிள்ளை மாப்பிள்ளையை முதலே பார்த்துவைத்தால் நல்லதென்று, மாப்பிள்ளை வீட்டார் புதுக் கமராவால் எடுத்துத் தந்த படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை நிற்கிற படம், இருக்கிற படம், காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம். ஒவ்வொன்றும் சுவரில் மாட்டுகிற அளவு.

பின்னேரம் மூன்று மணிக்கு வேதவல்லியும் மகனும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் ரெய்னர்ஸ் லேன் வீட்டு முன்னறையில் வந்து இருந்தார்கள். தவமலர் பயற்றம் பணியாரமும் வடையும் வைத்தாள். ஸ்கைப் கூவியது. திரையில் தர்மிகா தெரிந்தாள்.

"வணக்கம் அன்ரி. உங்களிட்டை முதல்லை நான் ஒண்டு..."

அந்த இடத்தில் படம் உறைந்தது. கண்கள் பாதி மூடி, வாய் முழுதாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்தபடி தர்மிகா அப்படியே நின்றாள். ஐந்து நிமிடம் நின்றாள். தவமலர் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா வயரை இழுத்துப் பார்த்தார். தர்மிகா வாயை மூடவில்லை.

வேதவல்லி வடையைத் தட்டில் வைத்தாள். "பிள்ளைக்கு ஏதும் வருத்தமே?"

"சீச்சீ. மெகாபைட் முடிஞ்சுபோச்சு அக்கா."

"எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் அப்பிடி வந்ததில்லை."

"இது எல்லாருக்கும் முடியிறதுதான். காலமை இருபது இருந்தது. போட்டோவைப் பாத்ததோடை பதினெட்டுப் போயிட்டுது எண்டு பிள்ளை இப்பத்தான் மெசேஜ் போட்டவள்."

"என்ர மகன்ரை போட்டோவைப் பாத்தோ?"

மாப்பிள்ளை மட்டும் எழும்பிப் போய்த் திரையை உற்றுப் பார்த்தார். "மேல் வரிசையிலை ஒரு பல்லு அடைக்கவேணும்," என்றார். அந்தக் குடும்பத்திலிருந்து வந்த ஒரேயொரு உருப்படியான அபிப்பிராயம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தம் கலைந்தது. பொருத்தம் சரியில்லையாம். தவமலர் இரண்டு நாள் சமைக்கவில்லை.

"இருபது மெகாபைட்டாலை என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு," என்று அழுதாள். போட்டோ அனுப்பியவர் யார் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அந்தப் பக்கம் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பேனா எடுக்க வைத்தது. குற்றவாளி ஒருவன் தேவைப்பட்டான். காம்பியாவில் மெகாபைட் விற்கும் ரிவர்செல் கொம்பனி அகப்பட்டது. அவர் பத்தொன்பது வருடமாக ஒரு காஸ் கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவர். குளிரில் விறைத்த வெள்ளைக்காரர்கள் எழுதும் வசைகளுக்கெல்லாம் 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தவர். முதன்முறையாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுதக் கிடைத்தது. சுகமாக இருந்தது. ஆறு பக்கம் எழுதினார். மகளின் போன் நம்பரைத் தலைப்பில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. கட்டணத் திட்ட முகாமையாளர் எப்ரிமா ஜாலோ கையெழுத்து வைத்திருந்தார். 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

ஸ்ரீஸ்கந்தராஜா அதை மேசையில் எறிந்தார். அந்த வசனத்தின் அர்த்தம் அவரைவிட யாருக்குத் தெரியும்? கடிதத்தை ஒருவரும் வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது கடிதத்தில் மரியாதையைக் கைவிட்டார். ஆனால் காஸ் கொம்பனி அவருக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலீசில் மன்னிப்புக் கேட்கத்தான் முடிந்தது, திட்ட முடியவில்லை. ஆகவே திட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் எருமை, மூதேவி, விசரன் என்று தமிழையே இங்கிலீஸ் எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடியில் கோடும் இழுத்தார்.

"அந்தாளுக்கு விளங்குமே?" என்றாள் தவமலர்.

"விளங்காட்டிலும் உறைக்கும்."

உறைத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் தர்மிகா ஒவ்வொரு ஞாயிறும் தானாகவே போன் எடுக்கத் தொடங்கினாள். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம், லைன் அறாமல் கதைத்தாள். ஏதோ புதுச் சலுகைத் திட்டமாம். குரலிலும் ஒரு தனிக் கலகலப்பு.

"பாத்தீரே? ஒரு நாட்டின்ரை போன் ரேட்டையே மாத்திப்போட்டன்," என்று ஸ்ரீஸ்கந்தராஜா மனைவியிடம் சொன்னார். கோயிலில் சொன்னார். காஸ் கொம்பனிக் கன்ரீனிலும் சொன்னார்.

"அப்ப இனி எழுதாதேங்கோ," என்றாள் தவமலர்.

"விட்டால் ஏத்திப்போடுவான் மூதேவி."

தர்மிகாவிடமும் அபிப்பிராயம் கேட்டார். "எழுதுங்கோ அப்பா," என்றாள் அவள் சிரித்தபடி. "இஞ்ச நல்லா வாசிக்கினம்." மகளே சொன்ன பிறகு கேட்பானேன்? டிசம்பருக்குள் பதினேழு கடிதங்கள் போயிருந்தன. எருமை தீர்ந்து, அதற்குப் பிறகு மற்ற விலங்குகளை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் தர்மிகா திரும்பி வந்தாள். ஹீத்ரோவில் தவமலர் மகளைக் கட்டிப்பிடித்து, மெலிந்துபோனாள் என்று அழுதாள். மெலியவில்லை. அதற்குப் பிறகுதான், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற உயரமான இளைஞனை இருவரும் கவனித்தார்கள். நல்ல கோட்டும் சப்பாத்தும், நல்ல பணிவான சிரிப்பும்.

"அப்பா, அம்மா, இவர் எப்ரிமா," என்றாள் தர்மிகா. "இவரைத்தான் நான் கட்டப்போறன்."

தவமலர் தள்ளுவண்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அந்தப் பெயர் எங்கேயோ கையெழுத்தாகப் பார்த்ததுபோல இருந்தது.

"எந்த எப்ரிமா?"

"ரிவர்செல் எப்ரிமா அப்பா."

பதினேழு கடிதங்களும், கோடு இழுத்த சொற்கள் ஒவ்வொன்றும், அவர் கண்முன்னால் வரிசையாக நடந்து போயின. மன்னிப்புக் கேட்பதில் பத்தொன்பது வருட அனுபவமுள்ள வாய் அன்று திறக்க மறுத்தது. திறந்தபோது கோபம்தான் வந்தது.

"நீ ஆஸ்பத்திரியிலை வேலை செய்தனி. இவர் போன் கொம்பனியிலை. எங்கை பழக்கம்? ஆர் உங்கள் ரெண்டு பேரையும் சேத்து வைச்சது? அந்த ஆளின்ரை பேரை எனக்குச் சொல்லு பிள்ளை, நான் கேக்கிறன் அவனை!"

கோபத்தை விளங்கிக்கொள்ளத் தமிழ் தேவைப்படாத எப்ரிமா, வண்டியை விட்டுவிட்டு முன்னுக்கு வந்து, இரண்டு கையாலும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மரியாதையான இங்கிலீசில் சொன்னான்:

"எருமை என்றால் என்ன என்று கேட்கத்தான் சேர், நான் முதன்முதலில் தர்மிகாவுக்குப் போன் எடுத்தேன்."