பெரியமாமாவுக்குப் படகில் இடமில்லை

வேலையைச் சுலபமாக்கித் தருகிறேன் என்று ஒருவர் மடிக்கணினியோடு வந்தால், கல்யாண வீட்டார் கதவைப் பூட்டிக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டார் பூட்டவில்லை. வந்தது நான், வீட்டுப் பிள்ளை என்பதால் தேத்தண்ணி தந்து கதிரையில் இருத்தினார்கள்.

தம்பிக்குக் கல்யாணம். எங்கள் வீடு நாரந்தனையில், பெண் வீடு அனலைதீவில். எங்கள் பக்கத்து ஆட்களை ஊர்காவற்றுறையிலிருந்து படகில் கொண்டுபோக வேண்டும். எத்தனை படகு பிடிப்பதென்று தெரிய, யார் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கேட்கிறேன் என்றார் அம்மா. நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.) ஒரு வரி நிரலும் எழுதாமல், பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் மென்பொருள் ஒன்றை அலுவலகத்தில் ஆறு மாதம் பழகியிருந்தேன். ஒருத்திக்குத் தலைக்கனம் முற்ற ஆறு மாதம் தாராளம்.

அம்மாவின் கவலை வேறு. அவருடைய அண்ணன், மண்கும்பான் பெரியமாமா. பொதுக் காணி வேலியில் ஒரு கதியால் தடி ஒரு சாண் தள்ளி நடப்பட்டதா இல்லையா என்ற உலகப் பிரச்சினையில் இருவரும் வருடக்கணக்காகப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைப்பது தாய்மாமன். அதனால் அம்மா வீம்பை விட்டு நேரில் போய் அழைத்தார். மாமா தலையாட்டினார். வீடு திரும்பிய அம்மா, ஏற்கெனவே துலக்கிய பாத்திரங்களை மறுபடி துலக்கினார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான்.

நான் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: "கல்யாணத்துக்கு வருவீர்களா?" வரும் பதிலைப் பார்த்து மென்பொருள் தானே முடிவெடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நிபந்தனை பொருந்தாத பதிலை அப்படியே நிறுத்திவிடும். இரண்டாவது, பொருந்தினால் ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம். மூன்றாவதில் பல கிளைகள் வைக்கலாம். விளங்காத பதில்களை மனிதரிடம் அனுப்பவும் ஒரு கிளை உண்டு. நான் யோசித்தேன். கல்யாணத்துக்கு ஒருவர் வருவார், அல்லது வரமாட்டார். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன்.

நிபந்தனை: பதிலில் 'ஓம்' இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம்தான். எங்கள் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். ஆகவே ஓ, எம் என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து எங்கே வந்தாலும் சரி என்று வைத்தேன். வந்தால், 'நன்றி, உங்களுக்குப் படகில் இடம் ஒதுக்கப்பட்டது.' வராவிட்டால், 'தங்களால் வர இயலாமைக்கு வருந்துகிறோம். உங்கள் இடம் வேறொருவருக்கு வழங்கப்படும்.' என் போனிலிருந்து 'ஓம்' என்றும் 'இல்லை' என்றும் அனுப்பிச் சோதித்தேன். இரண்டும் சரி. விஞ்ஞானி நிம்மதியாகச் சோறு தின்னப் போனார்.

மறுநாள் அம்மா குசினி வாசலில் போனோடு நின்றார்.

"மாமி எடுத்தவ. அண்ணை கேக்கிறாராம், என்ரை இடத்தை ஆருக்குக் குடுத்தனியள் எண்டு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா எழுதியிருந்தது, "கட்டாயம் வாறன் பிள்ளை." அதில் ஓம் இல்லை. தங்களால் வர இயலாமைக்கு வருந்தியிருந்தோம். ஆனால் கொழும்பில் நிற்கிறேன், ஏலாது என்று எழுதிய மச்சானுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கொழும்பை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஓவும் எம்மும் கிடக்கின்றன. 'ஸ்டொமக் பெயின், வர ஏலாது' என்ற சித்தப்பாவுக்கும் இடம். 'நொட் கமிங்' என்று இரண்டே சொல்லில் மறுத்தவருக்கும் இடம். வாறன் என்று அன்போடு எழுதிய அத்தனை பேரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தேன்.

அம்மா என்னை ஏசவில்லை. கதிரையில் இருந்து அழுதார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரமே மண்கும்பானுக்கு ஸ்கூட்டரில் போனேன். மாமாவுக்கு நிபந்தனை, கிளை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, நான் வாறன் எண்டால் உன்ரை மெசினுக்கு வரேல்லை எண்டு அர்த்தமோ?"

"ஓம் மாமா." (அந்த இடத்தில் வேறு சொல் தேடியிருக்கலாம்.)

அவர் எழும்பி உள்ளே போனார். வருவேன் என்று சொல்லவில்லை. மற்றவர்களிடம் போனில் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டேன். அம்மா முதலிலேயே செய்கிறேன் என்ற வேலைதான் அது.

கல்யாணத்தன்று வராதவர்களுக்கான இடங்களோடு எங்கள் படகுகள் தாராளமாகக் கிளம்பின. அம்மா கடைசிவரை மண்கும்பான் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அனலைதீவில் இறங்கினால், துறையில் வேட்டி சால்வையோடு பெரியமாமா நிற்கிறார். மாமியோடு தனியாக ஒரு மீன்பிடி வள்ளம் பிடித்து எங்களுக்கு முன்னமே வந்திருக்கிறார். "மாப்பிள்ளை வீட்டுப் படகிலை எனக்கு இடமில்லையாம்" என்று பெண் வீட்டார் ஒருவரையும் தவறவிடாமல் சொல்லியும் முடித்திருந்தார். பிறகு தலைப்பாகையைத் தம்பிக்கு வைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் கண் கலங்கியது. திரும்பும்போது அம்மா எங்கள் படகில் ஏறவில்லை. அண்ணையின் வள்ளத்தில் ஏறிக்கொண்டார்.

அன்றிலிருந்து மாமா என் செய்தி எதுவாக இருந்தாலும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் பதிலாக அனுப்புகிறார். போன வருடம் என் மகளின் பிறந்தநாளுக்கு, உங்களுக்குக் காலமை வசதியா பின்னேரம் வசதியா என்று கேட்டு எழுதினேன். பதில், "ஓம்."

காலமையும் வந்தார். பின்னேரமும் வந்தார். இரண்டு முறையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.