பெண் பார்க்கப் போய்ச் செடியைக் கடித்த கதை

செடிப் பைத்தியம் பிடித்தவனை அடுத்தவர் வாசலில் ஐந்து நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. என்னை விட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். செல்லூரிலிருந்து பசுமலைக்கு, பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகளைப் பெண் பார்க்கப் போனோம், அம்மாவும் நானும். ஏற்கெனவே பல இடங்கள் தட்டிப்போயிருந்தன. "இந்த எடமும் போச்சுன்னா இனி நீயே பாத்துக்கடா" என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

வாசலைப் பார்த்ததுமே எனக்குப் பெண் பார்க்க வந்ததே மறந்துபோனது. பழைய பிஸ்கட் டின்களில் வரிசையாக இலைச் செடிகள். ஓர் இலையில்கூடத் தூசி இல்லை! மதுரை வெயிலில் குரோட்டன்ஸைக் காப்பாற்றுவதே பெரும்பாடு (நான் வளர்த்ததெல்லாம் கருகித்தான் செத்தது). இங்கோ வெள்ளைப் புள்ளி தெளித்த அகல இலைகளோடு ஒரு செடி இடுப்புயரம் நின்றது. வளர்த்த கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

அம்மா உள்ளே போனார். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் பின்தங்கினேன். ஒரு கணு கிடைத்தால் போதும், நட்டுப் பிழைக்க வைத்துவிடலாம். கத்தி இல்லை. (பல் இருந்தது.) பக்கக் கிளை ஒன்றை நறுக்கென்று கடித்து, தண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூடத்தில் உட்கார்ந்ததும் வாயெல்லாம் நெருப்பு. நாக்கு வீங்கி அடைத்துக்கொண்டது. எச்சில் வேறு வழிந்தது.

"தம்பிக்கு எந்த ஆபீஸ்ல வேலை?" என்றார் ஆசிரியர்.

"ப்பூ... ப்பா..."

அவர் முகம் மாறிவிட்டது. "என்னங்கம்மா இது? பேச்சு வராதுன்னு முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

"ஐயோ, இம்புட்டு நேரமும் வாய் ஓயாமப் பேசிக்கிட்டு வந்தானுங்க!" என்று அம்மா அழாத குறை.

அவர் எங்களை வழியனுப்ப எழுந்தேவிட்டார். அப்போதுதான் காப்பித் தட்டோடு பெண் வந்தாள். என் உதட்டைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தண்டையும் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய், எரிச்சல் அடங்கக் குளிர்ந்த பாலோடு வந்தாள்.

"பேச்செல்லாம் வரும்ப்பா. வாசல்ல இருக்க செடியக் கடிச்சிருக்காரு. அதோட சாறு பட்டா இப்பிடித்தான் வீங்கும்."

"செடியவா? மாடா இவரு?"

அவள் கையை நீட்டினாள். தண்டைக் கொடுத்தேன். மானமும் போச்சு, கல்யாணமும் போச்சு என்று தலையைத் தொங்கப்போட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லால கடிச்சாலும் கணுவுக்குக் கீழ சரியாக் கடிச்சிருக்காருப்பா. எனக்குச் சம்மதம்."

என் சம்மதத்தைக் கேட்டார்கள். மூக்குக் கண்ணாடி கழன்று விழும் அளவுக்குத் தலையாட்டினேன். பேச்சு மறுநாள்தான் வந்தது. அந்தத் தண்டை அவள் நிழலில் உலர்த்தி, மணலில் நட்டு, துளிர்க்க வைத்துச் சீர்வரிசையோடு கொண்டுவந்தாள். என்ன கை அது! இன்றும் எனக்கு அதில் ஆச்சரியம் தீரவில்லை.

வருஷங்கள் ஓடி, எங்கள் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். பாவம், கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த என் மனைவி, பாலை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"தம்பி, வெக்கப்படாமச் சொல்லுங்க. எந்தச் செடியக் கடிச்சீங்க?"