பெறுபவர் சம்மதம்

"இனிமே ஊரே மெசேஜ் அனுப்புற அந்தச் செயலி என் போன்ல இருக்காது!" என்று இரண்டு வருடங்களுக்கு முன் அவர் சபதம் செய்தார். "பெரிய கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடுற ஆபீஸ்ல இருந்துக்கிட்டு, அவங்க செயலியையே வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுங்க," என்றாள் மனைவி. அவள் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேச விடாத தொழில்.

அவர் ஒரு சின்னச் செயலிக்குக் குடிபோனார். அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூவரும் பேசாத ரகம். கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவியின் 'வரும்போது வாங்கிட்டு வாங்க' பட்டியலும் மைத்துனனின் காலை வணக்கப் பூக்களும் அடியோடு நின்றன. சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்கு உலை வைக்கும் கோப்பு அவர் மேஜைக்கே வந்தது. பெரிய செயலி தன் கதவைத் திறந்துவிட வேண்டும். அதிலிருந்து அனுப்பும் செய்தி எந்தச் சின்னச் செயலிக்கும் போய்ச் சேர வேண்டும். நியாயமான விதி. போட்டி வளரும், ஊர் உருப்படும், அவர் ஒருவர் மட்டும் ஒழிவார்.

அமுக்கிவிடலாமா? மூன்று நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். அமுக்கினால் எனக்கும் அந்தக் கம்பெனிகளுக்கும் என்ன வித்தியாசம்? நான்காம் நாள் விதியைத் தொடாமல், கீழே ஒரு வரி சேர்த்தார்: 'தனிநபர் தரவுப் பாதுகாப்பு கருதி, பெறுபவர் சம்மதித்தால் மட்டுமே.' மனசாட்சிக்கும் பழுதில்லை, மண்டைக்கும் இடியில்லை.

சட்டம் அமலுக்கு வந்தது. 'மைத்துனர் உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா?' என்று திரை கேட்டது. கூடாது என்று அமுக்கினார். மனைவியிடமிருந்து கேள்வியே வரவில்லை. முதல் வாரம் நிம்மதி. இரண்டாம் வாரம் லேசாக உறுத்தியது. மூன்றாம் வாரம் அவரே அவளிடம் அனுமதி கேட்டார்.

'மறுக்கப்பட்டது.'

வீட்டுக்கு ஓடினார்.

"ஏம்மா, என்னையே மறுத்துட்டியா?"

"பெறுறவங்க சம்மதம் வேணும்னு விதி இருக்காமே?"

"அதை எழுதினதே நான்தான்!"

"நல்லா எழுதியிருக்கீங்க."

"நான் இல்லாதது உனக்கு ஒரு குறையாவே தெரியலையா?"

"மொதல்ல தெரிஞ்சுது. அப்புறம் பார்த்தா, நீங்க விட்டுட்டுப் போன குடும்பக் குழுவில எதைக் கேட்டாலும் அஞ்சே நிமிஷத்துல முடிவாகுது. சோபா மாத்தினோம், சுவருக்கு நீலம் அடிச்சோம். 'இப்ப எதுக்கு?'ன்னு கேக்க ஆளில்ல."

"எந்தச் சுவர்?"

"நீங்க சாஞ்சிருக்கறது."

திரும்பிப் பார்த்தார். நீலம்தான். ஆனாலும் மனசு லேசானது. கொள்கை பேரைச் சொல்லி இரண்டு வருடமாக இவளை ஏமாற்றுகிறோமே என்று அரித்துக்கொண்டிருந்தது ஒரேயடியாக இறங்கிவிட்டது. சோபாவில் சாய்ந்தார். சுகமாகத்தான் இருந்தது.

"சரி, இப்ப குழுவில என்ன ஓடுது?"

"உங்க படிப்பறையப் பெரிய பொண்ணுக்குக் குடுத்துடலாமான்னு."

"ஐயையோ! அப்ப நான்? என் ஓட்டையும் சேர்த்துக்கோ!"

"நேத்தே முடிஞ்சுதுங்க. ஏகமனதா."