பாலம் தாண்டாத துப்பாக்கி

இந்த ஜென்மத்தில் இனி மிசிசிப்பி ஆற்றைத் தாண்டுவதில்லை என்று டெல்மர் ஹாஸ்கின்ஸ் முடிவு செய்தார். ஆற்றின் மேல் அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பாலத்தின் மேலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாலத்தைத் தாண்டினால் இல்லினாய் மாநிலம் வந்துவிடுகிறது. இல்லினாய் வந்தால் மச்சினி நடீன் வீடு வந்துவிடுகிறது. நடீன் வீடு வந்தால், சகலை கிளீட் கையில் ஏணியோடு வாசலிலேயே நிற்கிறான். அங்கேதான் சிக்கல்.

கிளீட்டின் கோழிக்கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டும். கிளீட்டுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் அவன் கீழே நின்று தகடு எடுத்துக் கொடுப்பான், யோசனை சொல்வான், அவ்வப்போது எலுமிச்சை ஜூஸ் குடிப்பான். மேலே ஏறி ஆணி அடிக்கிற பாக்கியம் விருந்தாளிக்கு. போன வருஷம் டெல்மர் தப்பித்துவிட்டார். இடுப்பு வலி என்றார், சுத்தியல் தொலைந்துபோய்விட்டது என்றார். இடுப்பு வலி பாதி உண்மை. சுத்தியல் முழுப் பொய். அது கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சௌக்கியமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஓபல் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். ஓபல் என்பவர் டெல்மரின் மனைவி; அறிவிப்பது என்றால் அந்த வீட்டில் அவர்தான் அறிவிப்பார்.

"அக்டோபர்ல ஒரு வாரம் நடீன் வீட்டுக்குப் போறோம்."

"கூரையா?"

"கூரையைப் பத்தி யாரு பேசினா? போறோம்னு சொன்னேன்."

அதே வாரத்துக்குத்தான் பக்கத்து வீட்டு வர்ஜில் ஏரிக்கரையில் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். அவர்கள் வசிக்கும் மிசௌரி மாநிலத்திலேயே நல்ல கெளுத்தி கிடைக்கிற ஏரி. டெல்மர் அதற்காகவே தூண்டில் நூலைச் சுற்றுகிற ஒரு புது ரீல் வாங்கியிருந்தார். பித்தளையும் கறுப்புமாக, கையால் சுற்றினால் பூனை உறுமுவதுபோல் மெல்லச் சத்தம் போடும். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாதிக் காது போன மனுஷனுக்கு, அமைதியான ஏரிக்கரையில் ஒரு வாரம் என்பது சொர்க்கத்துக்குச் சற்றுக் கீழே. அந்த ஒரு வாரத்துக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார், ஓபலிடம் நேராகக் கேட்பதைத் தவிர.

இங்கேதான் துப்பாக்கி உள்ளே வருகிறது.

வசந்த காலத்தில், முடிவெட்டும் கடைச் சிநேகிதர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்களே என்று டெல்மரும் வகுப்புக்குப் போய், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் வாங்கினார். முதல் நாள் இடுப்பில் செருகி, மேலே சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் ஓர் அதிகாரி போல நடந்தார்.

"இடுப்புல என்ன, கட்டியா?" என்றார் ஓபல்.

"அது மறைச்சு வச்சிருக்கிற துப்பாக்கி."

"மறைச்சு வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியுது?"

அன்றிலிருந்து துப்பாக்கி பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. "அந்தக் கருமம் பிடிச்ச பெட்டியை நான் தொடக்கூட மாட்டேன்" என்று ஓபல் சொன்னார். டெல்மரின் காதில் தேன் பாய்ந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் ஓபல் கண்ணுக்குத் தப்பி எதையும் ஒளித்து வைக்க முடியாது. சாக்லேட்டைப் பைபிளுக்குப் பின்னால் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததைச் சொல்லவும் மாட்டார், தின்றுவிடுவார். இப்போது முதல்முறையாக டெல்மருக்கென்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

வகுப்பில் ஒரு வரைபடமும் கொடுத்திருந்தார்கள். மிசௌரி லைசென்ஸ் எந்தெந்த மாநிலத்தில் செல்லும், எங்கே செல்லாது என்று காட்டும் படம். செல்லும் மாநிலம் பச்சை, செல்லாதது சிவப்பு. டெல்மர் அதைக் குளியலறையில் உட்கார்ந்து ஆராய்ந்தார். பார்க்கப் பார்க்க மெய்சிலிர்த்தது. இல்லினாய் சிவப்பு. ஓபலின் அண்ணன் இருக்கும் நியூயார்க் சிவப்பு. வருஷம் தவறாமல் ஸ்வெட்டர் பின்னி அனுப்பும் அத்தை இருக்கும் கலிபோர்னியா சிவப்பு. மனைவி வீட்டார் மொத்தமும் சிவப்பில் குடியிருந்தார்கள். மீன் பிடிக்கிற இடமெல்லாம் பச்சை. சட்டம் போட்டவர்களும் கல்யாணமானவர்கள்தான் போலிருக்கிறது என்று டெல்மர் நினைத்துக்கொண்டார்.

திட்டம் தயாரானது. வீட்டில் வைத்துச் சொன்னால் ஓபல், "துப்பாக்கியை இங்கேயே வச்சுட்டு வா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அதனால் வீட்டில் மூச்சு விடக்கூடாது. பாலத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் சட்டத்தை எடுத்துவிட வேண்டும். "இதுக்கு மேல என் லைசென்ஸ் செல்லாது. நடீனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. நான் துப்பாக்கியோட திரும்பறேன்." திரும்புவது ஏரிக்கு. துப்பாக்கி உண்மையில் வர வேண்டியதுகூட இல்லை. அதை வீட்டு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலியான பெட்டியில் புது ரீலையும் தூண்டில் சாமான்களையும் அடைத்தார். ஓபல் தொடவே தொடாத பெட்டி. யாருக்குத் தெரியப் போகிறது?

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தபோது உள்ளே 'கிணிங்' என்றது. மீன் கடித்தால் ஒலிக்கும்படி தூண்டில் நுனியில் மாட்டுகிற குட்டி மணி.

"என்ன மணிச் சத்தம்?" என்றார் ஓபல், தைத்துக்கொண்டே.

"சர்ச் மணி."

"வியாழக்கிழமையிலா?"

"ஒத்திகை பாக்கறாங்க போல."

பெட்டியைக் கீழே வைத்தார். 'கிணிங்'.

"நம்ம வீட்டுக்குள்ளயே ஒத்திகை பாக்கறாங்களே," என்று சொல்லிவிட்டு ஓபல் மறுபடி தைக்கத் தொடங்கினார். அன்றைக்கே டெல்மர் உஷாராகியிருக்க வேண்டும். அவர் என்னவோ மணியைச் சுற்றி ஒரு காலுறையைத் திணித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

காலையில் பெட்டியை டிக்கியில் ஏற்றும்போது சத்தமே இல்லை. காலுறை வேலை செய்கிறது என்று டெல்மர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பாலத்துக்குச் சற்று முன்னால், மிசௌரிக் கரையில், ஒரு காபிக்கடை. "ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகலாமா?" என்று டெல்மர் கேட்டார். உட்கார்ந்து, காபி வந்து, ஓபல் சர்க்கரை போட்டுக் கலக்கியதும், சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார்.

"ஓபல், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. இப்பத்தான் கவனிச்சேன். இல்லினாய்ல என் லைசென்ஸ் செல்லாது."

"அடடா."

"பெட்டி டிக்கியில இருக்கு. துப்பாக்கியோட பாலத்தைத் தாண்டினா ஜெயில்தான்."

"அச்சச்சோ."

"நான் உன்னை விட்டுட்டுத் திரும்பிப் போறதைத் தவிர வேற வழி தெரியல. மனசு கேக்கல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"சட்டம்னா சட்டம்தான் தங்கம்," என்றார் ஓபல்.

டெல்மருக்கு லேசாக வியர்த்தது. ஓபல் அவரைத் தங்கம் என்று கூப்பிட்டால் வில்லங்கம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓபல் திரும்பி, அடுத்த மேஜையில் சீருடையோடு ஆப்பிள் பை பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ அந்தக் கரைப் போலீஸ்தானே?"

"ஆமாங்க. டியூட்டி முடிஞ்சுது. எங்க கரையில நல்ல ஆப்பிள் பை கிடைக்காது, அதான் இங்க வருவேன்."

"எங்க வீட்டுக்காரர் துப்பாக்கி வச்சிருக்கார்."

கடையில் அத்தனை கரண்டிகளும் நின்றன.

"பயப்படாதீங்க," என்று ஓபல் கடை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "லைசென்ஸ் இருக்கு. மறைச்சுத்தான் வச்சிருக்கார்."

இப்போது அந்தக் கடையில் மறைந்திருந்த ஒரே பொருள் டெல்மரின் முகம்தான். அதை அவர் மெனு அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"உங்க மிசௌரி லைசென்ஸ் எங்க மாநிலத்துல செல்லாது சார்," என்றார் அந்தப் பெண்.

டெல்மர் மெனுவைத் தாழ்த்தினார். "பாத்தியா ஓபல்! பாத்தியா!"

"ஆனா இடுப்புல செருகிக்கிட்டு நடக்கத்தான் கூடாது. குண்டை எடுத்துட்டு, பெட்டியில பூட்டி டிக்கியில வச்சுட்டா, எங்க பக்கம் கொண்டு வரலாம்."

டெல்மர் மெனுவை மறுபடி உயர்த்தினார். பிறகு, வெள்ளத்தில் போகிறவனுக்கு வருகிற வேகத்தில் ஒரு யோசனை வந்தது.

"குண்டு இருக்கே! உள்ளே குண்டு போட்டு வச்சிருக்கேனே!"

"எடுத்துடுங்க."

"எடுக்கத் தெரியாது."

"எடுக்கத் தெரியாம எப்படி சார் லைசென்ஸ் கொடுத்தாங்க?"

"போடத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. எடுக்கிறது அடுத்த வகுப்பு."

அந்தப் பெண் ஆப்பிள் பையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க, நானே எடுத்துத் தர்றேன். குண்டு போட்டதை டிக்கியில உருட்டிக்கிட்டுத் திரியறது எந்தக் கரையா இருந்தாலும் ஆபத்து."

மூன்று பேரும் வெளியே போனார்கள். கையில் காபிக் கோப்பையோடு கடையில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். ஓபல் டிக்கியைத் திறந்தார். இரும்புப் பெட்டி அப்பாவியாக உட்கார்ந்திருந்தது.

"சாவி?" என்றார் போலீஸ்.

டெல்மர் எல்லாப் பைகளிலும் தேடினார். சாவி இருந்த பையை மட்டும் விட்டுவிட்டுத் தேடினார். "வீட்டுலயே வச்சுட்டேன் போல."

ஓபல் கைப்பையைத் திறந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து நீட்டினார். "பெட்டிக்கு ரெண்டு சாவி கொடுத்தாங்க தங்கம். இன்னொண்ணு என் தையல் பெட்டியில இருந்தது."

டெல்மர் சாவியை வாங்கிக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் பெட்டியைத் திறந்து, துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் தூண்டில் முள்ளைக் காட்டுவதைவிட, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. உண்மையில் அவருக்கு ஓபலை ஏமாற்றப் பிடிக்கவில்லை. கூரை ஏறவும் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

"ஓபல்," என்றார் தாழ்ந்த குரலில். "உள்ளே துப்பாக்கி இல்ல. அது வீட்டுல அலமாரியில பத்திரமா இருக்கு."

"அப்ப இதுல என்ன இருக்கு?"

"ரீல்."

"ரீல் விடாதே. திற."

"நிஜமாவே ரீல்தான் ஓபல்! மீன் பிடிக்கிற ரீல்!"

"திறன்னு சொன்னேன்."

டெல்மர் திறந்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

உள்ளே ரீல் இல்லை. மணி இல்லை. தூண்டில் முள் இல்லை. ஒரு ஜோடி தோல் கையுறையும், அதன் மேல், போன வருஷம் தொலைந்துபோன அவருடைய சுத்தியலும் இருந்தன. கைப்பிடியில் துளி பெயின்ட்.

"என் ரீல் எங்கே?" டெல்மர் கையுறைகளைத் தூக்கி அடியில் தேடினார்.

"மீன் பிடிக்கிற ரீலா? வர்ஜில் விடியறதுக்கு முன்னாடியே வந்தான். 'அவர் எப்ப ஏரிக்கு வர்றார்'னு கேட்டான். அவர் வரலைப்பா, நீயாவது நல்லாப் பிடின்னு கொடுத்தனுப்பிட்டேன். நீ வாய்ல விட்ட ரீல் அத்தனையும் அப்படியே உன்கிட்டதான் இருக்கு."

"இந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன்னு சொன்னியே!"

"தொடலையே. அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டுத்தான் திறந்தேன். ஏணி ஏறும்போது உனக்கும் வேணுமேன்னு உள்ளேயே வச்சுட்டேன்."

"நீ இப்படி மறைப்பேன்னு நான் நினைக்கவே இல்ல ஓபல்."

"மறைச்சு வைக்கிறதுக்கு நீ வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கினே. நான் கல்யாணமான நாள்லேருந்து லைசென்ஸ் இல்லாமத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

காபிக் கோப்பைக் கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லினாய் பளிச்சென்று வெயிலில் தெரிந்தது. அங்கே எங்கோ ஒரு கோழிக்கொட்டகை, ஒரு ஏணி, ஒரு கிளீட். டெல்மர் கடைசி நம்பிக்கையோடு போலீஸ்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினார். கண்களில் கெஞ்சல்.

"ஏம்மா, இது கனமான ஆயுதம் மாதிரி இல்ல? இதை உங்க மாநிலத்துக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்குமே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அந்தப் பெண் சுத்தியலை எடுத்துக் கையில் எடை பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"சுத்தியலுக்கு எங்க மாநிலத்துல லைசென்ஸே வேணாம் சார். தாராளமா வாங்க."